சடையனைவிட உயரமானவன்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. ஆனால் அதை இப்போது தர மாட்டேன். கடைசிவரை கைக்குள் பொத்தி வைத்திருப்பேன். அவசரப்படுகிறவர்கள் போய் ஏதாவது குடித்துவிட்டு வரலாம். தண்ணீர் மட்டும்.

இலுப்பைக் காட்டில் சடையன் என்று ஒரு இளங்கரடி இருந்தான். அம்மாவை விட்டுப் பிரிந்து தனியாகச் சுற்றத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

பூ கொட்டும் பருவம் வந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு குழி. அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். இலுப்பைப் பூ அதில் விழும். வெயிலில் ஊறும். புளித்து நுரை கட்டும். அந்தப் பக்கம் போகிற மிருகங்கள் ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு தங்கள் வழியில் போய்விடும். சடையனுக்கு வேறு வழியே இல்லாமல் போனது. எங்கே கிளம்பினாலும் குழியில்தான் போய் நின்றான்.

கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த மரத்தில் முதுகைத் தேய்த்து, எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயரத்தில் நகத்தால் கீறிவைப்பார்கள். 'இது என் இடம், நான் இவ்வளவு உயரம்' என்று அர்த்தம். பின்னால் வருகிற கரடி மோந்து பார்த்தால் யார் கீறியது என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் காலை சடையன் கனத்த தலையோடு எழுந்து, குழிக்குச் சற்றுத் தள்ளி இருந்த தன் வேங்கை மரத்துக்குப் போனான். அவன் கீறலுக்கு மேலே புதிதாக ஒரு கீறல் இருந்தது.

மோந்து பார்த்தான். இலுப்பைப் பூ புளித்த வாடைதான் வந்தது. வேறு எந்த வாசனையும் மூக்கில் ஏறவில்லை.

"எவனோ மொடாக்குடியன்" என்றான் சடையன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கீறல் அவனுடையதைவிட உயரத்தில் இருந்தது. அதைத்தான் அவனால் விட முடியவில்லை.

மரத்தின் மேல் துடுப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் இளம் கரிச்சான் குருவி. வாலின் நுனியில் இரண்டு துடுப்பு தொங்கும். காட்டில் எவர் வாயைத் திறந்தாலும் அந்தக் குரலை அப்படியே திருடிக்கொள்வாள். ஆந்தை போல் அலறி எலிகளை ஓட விடுவாள், குட்டி போல் கத்தி அம்மா மானைத் திரும்பிப் பார்க்க வைப்பாள். ஆனால் பொய் மட்டும் சொல்ல மாட்டாள். பொய் சொன்னால் வேடிக்கை சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

"ஏய் துடுப்பி, நேத்து சாயங்காலம் இங்க யாரு வந்தது?"

"ஒரு கரடி, அண்ணே."

"எப்படி இருப்பான்?"

துடுப்பி தலையைச் சாய்த்து யோசித்தாள். "உங்க வயசுதான் இருக்கும். நல்ல அடர்த்தியான முடி. நெஞ்சுல வெள்ளைக் கோடு."

"எல்லாக் கரடிக்கும்தான் அது இருக்கு."

"அதான் அண்ணே, அடையாளம் சொல்றது கஷ்டம்."

"என்னைவிட உயரமா?"

"நான் பாத்தப்ப உயரமாத்தான் நின்னாரு."

மரத்துக்குப் பக்கத்தில் பெரிய கறையான் புற்று ஒன்று இருந்தது. துடுப்பி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லையே.

வந்தவன் குரல் எப்படி என்று சடையன் கேட்டான். துடுப்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தின நாள் கேட்ட பாட்டை எடுத்துவிட்டாள். பாதி உறுமல், பாதி ஒப்பாரி. நடுவில் ஒரு விக்கல்.

சடையன் காதைப் பொத்திக்கொண்டான். முள்ளம்பன்றியை முழுசாக விழுங்கினவன் பாடுவது போல் இருக்கிறது என்றான். இதையெல்லாம் எவள் நின்று கேட்பாள் என்று நக்கலடித்தான்.

"வேணி அக்கா கேட்டுட்டுதான் இருந்தாங்க. அவரு கீழ விழுந்தப்ப தலைக்கு இலையெல்லாம் கூட்டி வச்சாங்க."

சடையனின் நக்கல் நின்றுபோனது.

வேணி இளம் பெண் கரடி. மழை இறங்கியதும் அவளும் சடையனும் அருவியோரக் குகையில் ஒன்றாக இருப்பதாகப் பேச்சு. அந்தக் குகையின் வாசலை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தோண்டிச் சரிசெய்திருந்தார்கள். அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அவள் எவனுடைய தலைக்கோ இலை வைத்தாளா?

நேராக அவளிடம் போனான். நேற்று சாயங்காலம் யாரோடு இருந்தாய் என்று கேட்டான்.

வேணி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றான் சடையன், பல்லைக் கடித்தபடி.

"தெரிஞ்சா நான் சொல்ல என்ன இருக்கு?" என்று அவள் குனிந்து எறும்புப் புற்றைக் கிளறத் தொடங்கினாள். செய்ததை நினைத்து வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். செய்ததை மறைக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சடையனுக்குத் தூக்கம் போனது. வேணி தேனடையில் பாதியை எடுத்து வைத்தால், அது அந்த உயரமானவனுக்காகத்தான். வேணி பெருமூச்சு விட்டால், அவனை நினைத்துத்தான். குழி காலியாகக் கிடந்தால், அவன்தான் குடித்துத் தீர்த்திருக்கிறான். அதற்காகவே சடையன் சீக்கிரமாகப் போய், அவன் வருவதற்கு முன்னால் குடித்து வைத்தான். மறுநாள் கீறல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். துடுப்பி கிளையில் உருண்டு உருண்டு சிரிப்பாள்.

ஓடைக்கரையில் சாம்பி என்கிற மரநாய் இருந்தாள். போன பருவம் முழுக்கக் குழியே கதி என்று கிடந்தவள். இந்தப் பருவம் பொழுது சாய்ந்தால் குழியிலிருந்து விலகி இந்தக் கரைக்கு வந்துவிடுவாள். அவளைப் போலவே குழியை விட்டு வந்த ஒரு நரியும் ஒரு மந்தியும் கூட உட்கார்ந்திருப்பார்கள். ஊர்வம்பு பேசி, பேன் பார்த்து, குடிக்கத் தோன்றும் அந்த நேரத்தைக் கடத்துவார்கள். பூ வாசனை காற்றில் வந்தால் ஒருத்தரை ஒருத்தர் பிடித்து உட்கார வைப்பார்கள்.

சடையன் அந்த வழியாகப் போகும்போது, தண்ணீர் குடிக்கிற மரநாயைப் பாரு என்று கிண்டல் செய்தான்.

சாம்பிக்குக் கோபம் வரவில்லை. "இடம் இருக்கு. வேணும்னா உக்காரு."

"எனக்கு எதுக்கு? நான் நினைச்சா இன்னைக்கே நிறுத்திடுவேன். இன்னொருத்தன் இருக்கான் பாரு, குழியையே காலி பண்றவன். அவனைக் கூட்டி வந்து உக்கார வை."

"வந்தா வைக்கிறேன்" என்றாள் சாம்பி.

சடையன் ஒரு முடிவுக்கு வந்தான். இன்று அவனைப் பிடித்தே தீருவது. வெயில் தாழ்ந்ததும் குழிக்குப் பக்கத்துப் புதரில் பதுங்கினான். எதிரியோ உயரமானவன். சண்டைக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒரே ஒரு வாய் மட்டும் என்று குழியில் வாயை வைத்தான்.

வேங்கை மரத்தடியில் கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மரத்தில் புதுக் கீறல். கையெல்லாம் மண். எதிரி தன்னை ஏமாற்றிவிட்டு வந்து போய்விட்டான் என்று சடையன் தரையை ஓங்கி ஓங்கிக் குத்தினான்.

அப்போதுதான் வேணி வந்தாள். அவளுடைய இடது காது கிழிந்து தொங்கியது. ரத்தம் முடியில் காய்ந்திருந்தது.

சடையன் துள்ளி எழுந்தான். "யாரு பண்ணினது? பேரைச் சொல்லு. அவனைக் கிழிச்சுப் போட்டுட்டுதான் மறுவேலை."

வேணி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நடிக்கிறானா என்று தேடினாள். நடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நிஜமாவே உனக்குத் தெரியலையா?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் மேட்டுக்காட்டுக்குப் போறேன் சடையா. குகையைப் பத்தி இனிப் பேச வேண்டாம்."

அவள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன்கிட்டதான் போறா" என்று சடையன் முனகினான். "காதைக் கிழிச்சவன்கிட்டயே போறா. என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?"

மேலே துடுப்பி சிரிக்கவில்லை. அந்தக் காதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சடையனுக்கு எட்டுகிற கிளைக்கு இறங்கி வந்தாள்.

"நேத்து இங்க நடந்ததை அப்படியே சொல்லட்டுமா அண்ணே? கேட்டுட்டு என்னை அடிக்கக் கூடாது."

சொல்லு என்றான்.

துடுப்பி வாயைத் திறந்தாள். முதலில் வேணியின் குரல் வந்தது. "போதும், வா. குகைக்குப் போலாம்."

பிறகு அந்த உறுமல். "என்னை ஏன் கூப்பிடறே? அவன்கிட்டயே போ."

"எவன்கிட்ட? இங்க நீயும் நானும்தான் இருக்கோம். கையை எடு. வலிக்குது, சடையா."

அதன் பிறகு ஒரு அலறல். துடுப்பி அதைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

ஒரு இலுப்பைப் பூ குழியில் விழுந்தது.

"கடைசியா என்ன சொன்னா?"

"வலிக்குதுன்னாங்க."

"அதுக்கு அப்புறம்."

துடுப்பி வேணியின் குரலிலேயே, மிகச் சின்னதாக, "சடையா" என்றாள்.

சடையன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான். புற்றைப் பார்த்தான். அதில் மண் சரிந்து கால் வைத்த பள்ளம் இருந்தது. அவன் காலை அதில் வைத்தான். பொருந்தியது. மேலே ஏறிக் கையை நீட்டினான். அத்தனை நாளும் கீறலின் உயரத்தை மட்டும்தான் பார்த்திருந்தான். கோடுகளைப் பார்த்ததே இல்லை. எல்லாக் கீறலிலும் நடுக்கோடு இல்லை. அவன் கையிலும் நடுநகம் இல்லை. எப்போதோ கல்லில் பட்டு உடைந்திருக்கும் என்று விட்டிருந்தான்.

அந்தக் கையை இலுப்பை வாடை அடிக்கும் மரப்பட்டையின் மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றான்.

பொழுது சாயத் தொடங்கியது. கால்கள் பழக்கத்தில் குழிப் பக்கம் திரும்பின. பாதி தூரம் போனான். நின்றான். பிறகு திரும்பி ஓடைப் பக்கம் நடந்தான். துடுப்பி ஒரு குரலும் எடுக்காமல் மரத்துக்கு மரம் கூடவே வந்தாள்.

கரையில் சாம்பியும் நரியும் மந்தியும் இருந்தார்கள். சடையன் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"ஒருத்தன் என் வாழ்க்கையைக் கெடுக்கறான்" என்றான். "தனியா அவனைப் பிடிக்க முடியல. உங்க உதவி வேணும்."

"யாரு அவன்?" என்றாள் சாம்பி.

சடையன் தன் கையை விரித்துக் காட்டினான். நடுவில் நகம் இல்லாத கை.

சாம்பி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் மீசை துடித்தது. "எனக்கும் ஒருத்தி இருந்தா, என் குழியைக் காலி பண்ற திருடி. அவ வால் நுனியில முடி இல்ல. போன வருசம் அவளைத் தேடி நான் ஏறாத மரம் இல்ல. கடைசியில என் வாலையே கவ்விப் பிடிச்சுட்டு, திருடி மாட்டிக்கிட்டான்னு கத்தினேன்."

நரி களுக்கென்றது. மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சடையனுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் வெளியே வரும்போது அது எப்படியோ சிரிப்பாகவும் இருந்தது. இதுதான் நான் பொத்தி வைத்திருந்த சிரிப்பு.

சாம்பி நகர்ந்து இடம் விட்டாள். "அவன் வந்தா உக்கார வைக்கிறேன்னு சொன்னேன்ல? உக்காரச் சொல்லு."

சடையன் உட்கார்ந்தான்.

தன்னைக் கெடுக்கும் குடிகாரனை ஊரெல்லாம் தேடுகிறவன் எல்லாவற்றையும் இழப்பான். அவன் தானேதான் என்று கண்டுகொண்டு, வெட்கத்தை விட்டுத் துணை கேட்கிறவனே மீள்வான்.