காற்றையெல்லாம் பொரித்துத் தீர்த்த வீடு

ஓய், உம்மைத்தான் சொல்லுகிறேன். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உம்ம கடைக்கு நானே விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிடும். எங்க அக்கா வீட்டை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது நீர்தான். "எண்ணெய்க்குப் பதிலா காத்து, அவ்வளவுதான் அண்ணாச்சி" என்று பல்லைக் காட்டி அந்த ஏர் ஃப்ரையரை என் தலையில் கட்டினீரே, காற்றைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னீரா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்?

நடந்ததை முழுசாகக் கேளும். நடுவில் டீ சொல்லட்டுமா, கலர் சொல்லட்டுமா என்று பேச்சை மாற்றக் கூடாது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது தென்காசியில். அத்தான் பேர் ஆவுடையப்பன். அவருக்குத் தம்பிகள் இரண்டு பேர், குற்றாலிங்கமும் பாபநாசமும். மூன்று பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே அறிவு. தங்கமான மனுஷர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் ஆபத்தே.

ஒருநாள் அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பால் பொங்கினா வந்து சொல்லு" என்று பாபநாசத்திடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள். அவன் ஓட்டமாக ஓடிவந்து, "மைனி, பால் பொங்கிட்டு" என்றான்.

"அடுப்பை அணைச்சியா?"

"சொல்லத்தானே சொன்னீங்க? அணைக்கச் சொல்லலையே!"

இந்த வீட்டில் எப்படியோ வடிவு என்று ஒரு பெண் பிறந்து, கணக்கு டீச்சராகவும் ஆகிவிட்டது. அவளுக்குத்தான் சங்கரன்கோவிலில் இருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் சங்கரவேல். இரண்டும் போனில் பேசியிருக்கின்றன போல. வாய்விட்டு எதையும் கேட்காத பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, இந்த இடம் மட்டும் தட்டிப்போகாம பாத்துக்கோங்க" என்றது. அதற்குமேல் என்ன வேண்டும்? முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சிக்கல் பையனின் அப்பா கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் இருந்தது. அவருக்கு இருதயத்தில் அடைப்பு வந்து, எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி வைக்காவிட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு. இதற்கு முன்னால் போன வீடுகளில் ஒன்றில் எண்ணெய் சொட்டச் சொட்டப் பஜ்ஜி வைத்தார்கள், இன்னொன்றில் பழத்தை நறுக்கி வைத்தார்கள். இரண்டு இடத்திலும் கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டார். கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆக, பஜ்ஜியும் வேண்டும், எண்ணெயும் கூடாது.

அதற்குத்தான் உம்ம கடை ஏறினேன். காலையில் ஆரம்பித்த பேரம், நீர் ஷட்டரைப் பாதி இறக்கும்வரை நடந்தது. எண்ணெய் தடவுகிற பிரஷை இனாமாகத் தராவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்று உம்ம வாசற்படியிலேயே உட்கார்ந்தேனே, மறந்திருக்காது.

பெண் பார்க்கிற நாள். அக்கா கையை விரித்துவிட்டாள். "எண்ணெயில போடணும்னா ஊருக்கே போடுவேன். காத்துல போட எனக்குத் தெரியாது. வாங்கினவங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு வடிவுக்குத் தலைபின்ன உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை பெண் வெளியே தலைகாட்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆக, புத்தியுள்ள இரண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் இந்தப் பக்கம்.

அடுக்களையில் கூட்டம் கூடியது. பாபநாசம்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, எண்ணெய்க்குப் பதிலா காத்துன்னா, எண்ணெய்க்கு உள்ள சட்டமெல்லாம் காத்துக்கும் உண்டுல்லா?"

அத்தான் யோசித்தார். "உண்டுதானே!"

"எண்ணெய்னா நல்ல எண்ணெயாப் பாத்து ஊத்துவோம். இங்க உள்ள காத்து எப்படி? நேத்து அடுத்த வீட்டுல கருவாடு பொரிச்சாங்க. அந்த வாடை பூராவும் நம்ம அடுக்களைக்குள்ளதான் வந்துச்சு."

குற்றாலிங்கம் நெஞ்சில் கையை வைத்தார். "அடப்பாவி! அப்ப இது கருவாடு பொரிச்ச காத்தா? வாறவங்க சுத்த சைவம்லா!"

கருவாடு பொரித்த எண்ணெயில் சைவத்துக்குப் பஜ்ஜி போட முடியுமா? முடியாது. அப்படியென்றால் வேறு காற்று வேண்டும். தென்காசியில் நல்ல காற்றுக்கா பஞ்சம்? கோவில் கோபுர வாசலில் நின்றால் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகுமே! குற்றாலிங்கம் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கோபுர வாசலில் வாளியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துப் பூக்காரம்மா கேட்டிருக்கிறாள். "என்னண்ணாச்சி, பிரசாதம் அந்தப் பக்கம்லா குடுக்காங்க?"

"பிரசாதம் வேண்டாம் தாயி. பஜ்ஜி போடக் காத்து எடுக்க வந்தேன்."

அந்த அம்மா பூக்கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாளாம்.

மூடியை அமுக்கிப் பிடித்தபடி வீடுவந்து சேர்ந்தவர், மெஷினின் கூடையை வெளியே இழுத்து, வாளியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை தட்டித் தட்டி ஊற்றினார். "பாத்து, சிந்தாம ஊத்து" என்று அத்தான் கீழே ஒரு தாம்பாளத்தைப் பிடித்தார்.

மெஷினோடு நீர் தந்த புத்தகத்தில் 'முதலில் காலியாகச் சூடாக்கவும்' என்று போட்டிருந்தது. சூடாக்கினோம். அடுத்ததாகப் பஜ்ஜியை உள்ளே வைக்க வேண்டும். அங்கேதான் பெரிய சண்டை.

"கூடையைத் திறந்தா காஞ்ச காத்து பூராவும் கொட்டிப்போகுமே!" என்றார் குற்றாலிங்கம்.

"திறக்காம எப்படிப் பஜ்ஜி வைக்க?" என்றார் அத்தான்.

"திறக்கணும், ஆனா கொட்டக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னான் பாபநாசம். கட்டிலில் கிடந்த கம்பளியைக் கொண்டுவந்தான். மூன்று பேரும் மெஷினோடு சேர்த்துத் தலைவழியாக மூடிக்கொண்டார்கள். உள்ளே இருட்டு, வேக்காடு. "ஏலே, அது வாழைக்காய் இல்ல, என் விரலு!" என்று ஒரு குரல். "பேசாதீங்கண்ணே, வாயைத் திறந்தா காத்து உள்ள போயிரும்" என்று இன்னொரு குரல்.

முதல் தடவை மாவு எல்லாம் கூடையின் ஓட்டை வழியாக ஒழுகி அடியில் ஒரு தோசையாக நின்றது. மேலே வாழைக்காய் அம்மணமாக உட்கார்ந்திருந்தது.

உள்ளறையில் இருந்து வடிவு கத்தினாள். "சித்தப்பா! பஜ்ஜி மாவு ஓடும். காயை லேசா வேகவச்சு, கெட்டி மாவுல பிரட்டி, பிரஷால ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்க!"

"எண்ணெயா?" மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சின்னப்புள்ள, விவரம் தெரியாமப் பேசுது" என்றார் அத்தான். "எண்ணெய்க்குப் பதிலா காத்துன்னா, எண்ணெய் தடவுத இடத்துல என்னத்தத் தடவணும்?"

குற்றாலிங்கம் பிரஷை எடுத்தார். தூக்குவாளிக்குள் விட்டு நன்றாக முக்கி, விளிம்பில் வழித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்றைத் தடவினார். "முன்னால மட்டும் தடவாதே, பின்னாலயும் தடவு" என்று பாபநாசம் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தான்.

வெந்து வந்ததைப் பார்த்தால், வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர் உடைந்து விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் கடித்தால் கடிபட்டது. "பஜ்ஜிதான்" என்று அத்தான் கண்கலங்கினார்.

பஜ்ஜிக்குத் துணையாக அப்பளமும் போடலாம் என்று யாருக்கோ ஆசை வந்தது. அப்பளத்தை வைத்ததும் உள்ளே காற்றாடி சுற்றி அதைத் தூக்கிக்கொண்டு போய் மேலே ஒட்டவைத்தது. "பறக்குதுண்ணே!" அடுக்களையில் கிடந்த பழைய எடைக்கல்லை எடுத்து அதன் தலையில் வைத்தார்கள். எடைக்கல் நன்றாகப் பொரிந்தது. அப்பளம் அப்படியே இருந்தது.

அது போகட்டும். அடுத்த ஈடு பஜ்ஜிக்கு மாவு பிரட்டும்போது பாபநாசம் கையைத் தூக்கினான்.

"அண்ணே, நில்லுங்க. ஒருதடவை காய்ச்சின எண்ணெயைத் திரும்பக் காய்ச்சினா இருதயத்துக்கு ஆகாதுன்னு டிவியில டாக்டர் சொன்னாருல்லா? இந்தக் காத்து காய்ச்சின காத்தாச்சே!"

அத்தான் உடனே பிளக்கைப் பிடுங்கினார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார்கள். ஹால் காற்றில் ஒரு ஈடு. அதுவும் பழையதாகிப்போனது. பூஜை அறையில் ஒரு ஈடு. படுக்கை அறையில் ஒரு ஈடு. வீடெல்லாம் தீர்ந்து, உள்ளறைக் கதவைத் தட்டினார்கள்.

"வடிவு, உன் ரூம்ல பொரிக்காத காத்து இருக்கும்லா? கொஞ்சம் கதவைத் திற."

"அப்பா, நான் சேலை கட்டுதேன். போங்க அந்தாலே!"

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

கோமதிநாயகம் அண்ணாச்சி, அவர் வீட்டம்மா, மாப்பிள்ளைப் பையன், இரண்டு பெரிய மனுஷர்கள். "வாங்க வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டு ஓடிய அத்தான், நடையைத் தாண்டவிடாமல் கையை அகல விரித்து மறித்துக்கொண்டு நின்றார். தம்பிகள் தெருவில் நாற்காலி போட்டார்கள். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. "என்னங்க இது? பொண்ணு பாக்க வந்தவங்களைத் தெருவுலயா உக்காரவைப்பாங்க? உள்ள கூப்பிடக்கூட மனசில்லையா?"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வடிவு நிற்பது தெரிந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அத்தான் கும்பிட்ட கையை எடுக்காமல் சொன்னார். "மைனி தப்பா நினைக்கக் கூடாது. உள்ள இருக்கிற காத்து பூராவும் பொரிச்ச காத்து. ஒவ்வொரு ரூமுலயும் ஒரு ஈடு போட்டாச்சு. அதுக்குள்ள அண்ணாச்சியை உக்காரவச்சா, பழைய எண்ணெயில உக்காரவச்ச மாதிரி. அவங்க இருதயத்துக்கு ஆகாது. தெருக் காத்துல நாங்க இன்னும் கைவைக்கல. அதான்."

அந்த அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். பெரிய மனுஷர்களில் ஒருவர் கார் சாவியைக் கையில் எடுத்தார். முடிந்தது, கை நனைக்காமல் கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். அத்தான் தோளில் கைவைத்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"என் சொந்தத் தம்பிகூட என் இருதயத்தை இவ்வளவு நினைச்சதில்ல. நான் என்ன செய்யுதேன் தெரியுமா? டாக்டர் எண்ணெயைத் தொடக் கூடாதுன்னாரு. அதனால வடையைக் கையால தொடாம, முள்கரண்டியால குத்தித்தான் தின்னுதேன். ஆனா காத்துலயும் பழசு உண்டுன்னு எனக்குத் தோணலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வீட்டுல கை நனைச்சே ஆகணும். எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிங்க. உள்ள போறோம், திங்கோம், வாறோம்."

இழுத்துப் பிடித்தார்கள். கன்னம் உப்ப, கண் பிதுங்க, வரிசையாக உள்ளே போனார்கள். எங்க ஆட்களும் மரியாதைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. பஜ்ஜி உடைபடுகிற சத்தம் மட்டும் சல்லி உடைக்கிற மாதிரி கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றால் ருசி தெரியாதாம். அதுவும் எங்க நல்ல காலம்.

வடிவு காபித் தட்டோடு வந்தாள். எல்லாரும் ஊதிப்போன பலூன் மாதிரி அவளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் சாதாரணமாக உட்கார்ந்திருந்தான்.

"நீங்க மூச்சு விடுதீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா" என்றான். "நீங்க?"

"நானும்தான்."

இரண்டும் சிரித்துக்கொண்டன. மற்ற எல்லாரும் தெருவுக்கு ஓடிவந்து புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டு, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆக, சம்பந்தம் முடிந்தது. எங்க குடும்பம் அன்றையிலிருந்து தெருவில் படுக்கிறது. பொரித்த காற்றுக்குள் எப்படிப் படுப்பது? அக்காவும் வடிவும் மட்டும் உள்ளே படுத்துக்கொண்டு, மூடின ஜன்னலுக்குள்ளிருந்தே எங்களைத் திட்டுகிறார்கள். சாரல் வேறு ஆரம்பித்துவிட்டது. நிச்சயதார்த்தம் அதே ஹாலில்தான் என்று கோமதிநாயகம் அண்ணாச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுச் சனமும் வரும். அத்தனை பேரும் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பார்கள்? போகட்டும், லக்கினப் பத்திரிகை வாசிக்கிறவருக்கு மூச்சு வேண்டாமா?

ஜன்னலைத் திறந்துவைத்தால் சரியாகப்போகும் என்று வடிவு சொல்கிறது. படித்த பிள்ளைக்கு உலகம் தெரியவில்லை. திறந்தால் எங்க பழைய காற்று தெருவில் கலந்து, படுக்கிற இடமும் போய்விடாதா? அத்தான் வீட்டு ஆட்கள் வேண்டுமானால் முட்டாளாக இருக்கலாம். சந்தையில் அடிபட்டு வளர்ந்தவனிடம் அந்தக் கதையெல்லாம் செல்லாது.

மெஷினை விற்றவர் நீர். கேரண்டி அட்டையில் கையெழுத்துப் போட்டவர் நீர். ஆகவே நாளைக் காலையில் வண்டியோடு வாரும். வீட்டில் இருக்கிற பழைய காற்றைப் பூராவும் அள்ளி ஏற்றிக்கொண்டு போய், உம்ம கடையில் ஏசி போட்டு வைத்திருக்கிறீரே, அந்தக் காற்றை நாலு அறைக்கும் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போம். அளவில் கைவைத்தால் எனக்குத் தெரிந்துவிடும், வாளியை நான்தான் பிடிப்பேன். மாடிப்படிக்கும் சேர்த்து நிரப்பும். அது கொசுறு.