மிச்சம் வந்த எட்டு எண்கள்

வரிசை தவறாமல் சொல்கிறேன். முதலில் அணைக் கண்காணிப்பு அலுவலகத்தில் நிரல் எழுதும் பூங்கோதையின் நாற்காலியைப் பறித்தார்கள். பிறகு பதவி உயர்வை. மூன்றாவதாக, எட்டு அணைகளின் தினசரி நீர்மட்டத்தை, நாளுக்கொரு வரிசையாக எண் அட்டவணையில் சேமித்து மீட்க அவள் எழுதிய கணினி நிரலை இயக்குநர் தனதென்றார். மறுத்தவளை வேலைநீக்க விசாரணையில் நிறுத்தினார்கள்.

தொழிற்சங்கத்துச் சாட்சிகள் முன்னால், இயக்குநரிடம் அவள் கேட்டாள்: "உங்க நிரல் மாசத்துக்கு எத்தனை எண்ணைச் சேமிக்கும், சார்?"

"இதென்ன கேள்வி? எட்டு அணை, முப்பது நாள். இருநூற்று நாற்பது!"

விசாரணை எழுத்தர் முப்பது நாள் மாதம் ஒன்றின் கோப்பைத் திறந்தார். இருநூற்று நாற்பத்தெட்டு இருந்தன.

"ஒவ்வொரு கோப்புலயும் கூடுதலா ஒரு வரிசை வருதே, எதுக்கு சார்?"

"குப்பை. அழிச்சிடும்மா."

"அண்ணே, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு ஒரு எண், அதோட கொம்பு, புள்ளிக்குத் தனித்தனி எண். அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த எட்டு எண்ணையும் எழுத்தா மாத்திப் படிங்க."

எழுத்தர் மாற்றினார். எழுந்து நின்று, சாட்சிகளுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"பூங்கோதை."