வராத டிரைவர்

“அம்மா, அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?”

மடத்தில் வந்து உட்காருமுன்பே கேட்டுவிட்டார் ஆவுடையப்பன். நாகர்கோவில் கோர்ட்டில் விபத்துக் கேஸ் வக்கீல். வயது அறுபத்திரண்டு.

மடத்து அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனாலென்ன, நரைத்த தலையெல்லாம் ஞானத் தலையா? பத்து வருஷமாக வக்கீல் அவருக்குச் சீடர்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“எந்தப் பிள்ளை?”

“இசக்கி. ஸ்கூட்டியில வேலைக்குப் போன பிள்ளை. பூ வேன்காரன் மோதி ஒரு கால் போச்சு. மூணு வருஷம் மல்லுக்கட்டி நஷ்டஈடு ஜெயிச்சுக் கொடுத்துட்டேன்.”

“நல்லதுதானே?”

“தீர்ப்பு வந்த அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டா. ‘அந்த டிரைவர் ஒரு தடவைகூட வந்து பார்க்கலையே சார், அடிச்சுப் போட்டுட்டுப் போக நான் என்ன நாயா, பூனையா?’ன்னு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேச்சில்ல. சாப்பாடும் சரியா இறங்கலையாம். தாய்க்காரி வந்து அழுறா.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கேஸ் முடிந்த பிறகும் கட்சிக்காரியை நினைத்துக் கண்கலங்குகிற வக்கீல் ஊருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?

பிறகு கோபம் வந்தது.

“இந்த டிரைவர்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதும்மா. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங். ஆம்புலன்ஸுக்குக்கூட வழி விடமாட்டான். ஆளை அடிச்சுட்டா ‘திடீர்னு குறுக்க வந்துட்டான்’ம்பான். முப்பது வருஷமாப் பார்க்கேன்.”

வருஷா வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதையேதான் மைக்கில் பேசுவார். பிள்ளைகள் கை தட்டும். கூட்டத்தில் டிரைவர் மட்டும் ஒருத்தன் இருக்க மாட்டான்.

“எத்தனை டிரைவர்கிட்ட பேசியிருக்கீங்க?” என்றார் அம்மா.

“பேச என்ன இருக்கு? எனக்கு எதிர்ல நிக்கிறது இன்சூரன்ஸ்காரன். டிரைவர் கோர்ட்டுக்கே வரமாட்டான்.”

“அப்ப ஏன் அந்த வேகத்துல வந்தான்னு கேட்டதில்ல.”

“அதான் எஃப்.ஐ.ஆர்.ல இருக்கே. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.’ எல்லாக் கேசிலும் அதே வரிதான்.”

அம்மா கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் கிடந்த வக்கீலின் செருப்பைக் கையில் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

வக்கீல் பதறிப்போனார். “என்னம்மா இது, என் செருப்பைப் போய்…”

“அவன் ஏன் வரலைன்னு எனக்கு என்ன தெரியும்? வராதவனைக் கேளுங்க.”

அன்றைக்கே வக்கீல் தோவாளைக்குப் போனார். கேஸ் கட்டில் விலாசம் இருந்தது. டிரைவர் பெயர் மரியசூசை. இப்போது வண்டி ஓட்டுவதில்லை, பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறான். வீட்டு வாசலில் வக்கீலைக் கண்டதும் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை அவசரமாக மாட்டினான்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வழியெல்லாம் தயார் செய்து வந்திருந்தார்.

“ஏம்ப்பா, உனக்கும் பெண் பிள்ளை இருக்குல்ல? அந்த இசக்கியை ஒரு நாள் வந்து பார்க்கணும்னு தோணலையா உனக்கு?”

மரியசூசை முழித்தான்.

“வந்தேனே ஐயா. முதல் வாய்தாவுக்கு வந்தேன். முகூர்த்த நாள் பூ, ரெண்டு நாளா உறங்காம ஓட்டிக் கண்ணு சொருகிட்டுது, என் தப்புதான்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிக் கும்பிடணும்னேன். நீங்கதான் வராந்தாவில நிறுத்திட்டீங்க.”

“நானா?”

“‘கூண்டில ஏறி நீ எதையாவது உளறினா கேஸ் கெட்டுப் போகும். அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யணும்னா அவ கண்ணிலயே படாதே, போ’ன்னீங்க.”

வக்கீலுக்கு அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. வார்த்தை மட்டும் அவருடையதுதான். வராந்தாவில் வந்து நிற்கிற டிரைவர் எவனானாலும் அவர் சொல்லி அனுப்புவது இதைத்தான்.

“அன்னையிலேருந்து அந்தத் தெருப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கல ஐயா.”

மரியசூசை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“பிள்ளைக்கு எல்லாம் கிடைச்சுதா ஐயா?”