சுவருக்கு மேலே ஒரு பைன் கிளை

அந்தத் தீவுக்கு இரண்டு பெயர்கள். ஜப்பானின் வரைபடத்தில் ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் வரைபடத்தில் இன்னொன்று. எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார் என்பதால் இங்கே இரண்டுமே வேண்டாம். நாலு பாறை, கொஞ்சம் புல், நிறையப் பறவை எச்சம். அவ்வளவுதான் தீவு.

அதைச் சுற்றிக் காவல் காப்பது கேப்டன் இவாசேயின் வேலை. வயது ஐம்பத்தேழு. பதினோரு வருஷமாக, அவர் கடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு எதிர்நாட்டுக் கப்பல் ஒன்று வரும். இவாசே மைக்கை எடுத்து, "இது எங்கள் கடல். விலகிச் செல்லுங்கள்" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல், "இது எங்கள் கடல். நீங்கள் விலகிச் செல்லுங்கள்" என்று பதில் சொல்லும். பிறகு இரண்டு கப்பல்களும் மாலைவரை அருகருகே சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் விலகுவதில்லை.

தலைநகரிலிருந்து வருஷாவருஷம் ஓர் உத்தரவு வரும்: 'உறுதியாக, ஆனால் நிதானமாக.' இதற்கு என்ன அர்த்தம் என்று டோக்கியோவில் எல்லாருக்கும் தெரியும். கடலில் இருப்பவருக்குத்தான் தினமும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பாதிப் பேர் கோழைத்தனம் என்றார்கள். மீதிப் பேர் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள் என்றார்கள்.

இவாசேக்கு அலுத்துவிட்டது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது.

ஓர் இலையுதிர்காலப் பிற்பகலில், ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்கு மேலே இருக்கும் மடாலயத்துக்குப் படியேறினார். தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அதற்குள் குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. கடிதத்தைப் போட்டுவிட்டால் அவர் அதில் ஏறப்போவதில்லை; தலைவராக நிற்கப்போவது துணை அதிகாரி தோயாமா. 'பேச்சு எதற்கு, தண்ணீர் பீரங்கியைத் திருப்பினால் போதாதா' என்று கேட்கிற ஆள்.

குரு ரியோஷின் ஒரு பெண் துறவி. இவாசேயைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தியானப் பாயில் உட்கார்ந்தபின் வயதை யார் பார்த்தார்கள்?

அன்று அவர் பாயில் இல்லை. முட்டிவரை மடித்துக் கட்டிய வேலை உடுப்பில், கையில் ரம்பத்தோடு, மதிலோரம் நின்றிருந்தார். பக்கத்தில் அந்தப் பழைய பைன் மரம். தோளுயரத்தில் கிளம்பிய அதன் பெரிய கிளை, வில்லாக வளைந்து மதிலைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குள் தாழ இறங்கியிருந்தது. வயதான கிளை, மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு முட்டுக் கம்பங்கள் அதைத் தாங்கிவந்தன. முந்தின நாள் புயலில் இரண்டுமே முறிந்துவிட்டன. இப்போது கிளைக்கு அடியில் முட்டுக்கொடுத்த ஓர் ஏணி முனகிக்கொண்டிருந்தது.

"வந்தீர்களா? நல்ல நேரம்" என்றார் ரியோஷின். "தோளைக் கொடுங்கள். எனக்கு ஏணி வேண்டும்."

"குருவே, ஒரு கேள்வி கேட்கத்தான்..."

"தோள் கொடுத்துக்கொண்டே கேட்கலாம்."

இவாசே தோள் கொடுத்தார். ஏணி நகர்ந்தது. கிளை கனமாக இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது. ரியோஷின் புதுக் கம்பத்தை அறுக்கத் தொடங்கினார். மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு ரம்பச் சத்தம் கேட்டது.

"அங்கே யார்?"

"பக்கத்து வீட்டுக் குசாகாவின் மனைவி அறுக்கிறார். குசாகா உங்களைப் போலத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் விட்டால் கிளை அவர்மேல் விழும். அவர் விட்டால் உங்கள்மேல்."

அப்போது மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "மரம் என்னுடையது!"

"மரம் மடத்துடையது, குசாகா சான்" என்றார் ரியோஷின், 'சான்' என்ற மரியாதையும் குறையாமல், அறுப்பதையும் நிறுத்தாமல்.

இவாசே திகைத்துப் பார்த்தார்.

"வழக்கு நடக்கிறது" என்றார் ரியோஷின். "மதிலைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டோம் என்பது அவர் கட்சி. என் குருவின் காலத்தில் தொடங்கியது. முப்பத்திரண்டு வருஷம். அளக்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் மூன்று கோடு போட்டார்கள். நீங்கள் கேளுங்கள்."

இவாசே கேட்டார். "பதினோரு வருஷமாக ஒரே வாக்கியத்தைச் சொல்கிறேன், குருவே. எனக்கே காது புளித்துவிட்டது. ஓர் அங்குலம் முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை. நான் இத்தனை நாள் என்னதான் செய்தேன்?"

"ஒருநாளாவது சொல்லாமல் இருந்து பார்த்தீர்களா?"

ஒருநாள் இருந்து பார்த்திருந்தார் இவாசே. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"போன மாதம்" என்றார். "தூறல். முதுகு வலி. இன்றைக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறோம் என்று மைக்கை எடுக்கவில்லை. அந்தக் குரல் கூப்பிட்டது. நான் பேசவில்லை. மறுபடி கூப்பிட்டது. இருபது நிமிஷம் அந்தக் கப்பல் அசையாமல் நின்றது. பிறகு அதன் பீரங்கிமேல் கிடந்த தார்ப்பாயை உருவினார்கள். அதைப் பார்த்து எங்கள் பையன்களும் எங்கள் தார்ப்பாயை உருவினார்கள். நான் உத்தரவே போடவில்லை, குருவே. மைக்கை எடுத்து அதே பழைய வாக்கியத்தைச் சொன்னேன். உடனே பதில் வந்தது. அதே பழைய பதில். ஆனால் அவசர அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு."

"அப்புறம்?"

"தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். நாங்களும் மூடினோம். அன்றைக்கு எழுதியதுதான் இந்தக் கடிதம். என்னால் இனிமேல் முடியாது."

"கயிறு மறந்துவிட்டேன்" என்றார் ரியோஷின். "சமையல்கட்டில் இருக்கிறது. குசாகா குரல் கொடுத்தால் பதில் சொல்லுங்கள்."

"நானா?"

அவர் போய்விட்டார்.

கிளை கனத்தது. இவாசேயின் தோள் முதலில் வலித்தது, பிறகு மரத்துப்போனது. கீழே ஊரில் ஐந்து மணிப் பாட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. ஊருக்கு நேரம் சொல்லத் தினமும் போடுகிற பாட்டுதான். அவர் கண்ணுக்குத் தபால் நிலையத்தின் கதவு இறங்குவது தெரிந்தது. தோளை உருவிக்கொண்டு ஓடினாலும் இனி எட்டாது.

"மரம் என்னுடையது!"

இவாசே வாயைத் திறக்கவில்லை. கடலில் சொன்னது போதாதென்று இங்கேயுமா? யாருடைய மரமாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

"மரம் என்னுடையது!" குரல் உயர்ந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மதிலுக்கு அப்பால் ரம்பச் சத்தம் நின்றது. யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். மூன்றாவது முறை குரல் வந்தபோது அதில் கோபம் இல்லை. இழுத்துப் பிடித்த மூச்சு இருந்தது. அந்த மூச்சை இவாசே ஏற்கெனவே கேட்டிருக்கிறார், தூறலில்.

கிளை அவர் தோளில் லேசாக நகர்ந்தது. பட்டைத் தூசி கழுத்தில் கொட்டியது. அந்தப் பக்கத்தில் நிற்கிறவன் காலை மாற்றி வைக்கிறான். குதித்து விலகத் தயாராகிறான்.

"மரம் மடத்துடையது!" என்று கத்தினார் இவாசே. "மடத்துடையது, குசாகா சான்!"

கிளை அசைவது நின்றது. மறுபடி ரம்பம் இழுக்கத் தொடங்கியது.

ரியோஷின் கயிற்றோடு வந்தபோது இவாசே தோளைக் கொடுத்தபடியே நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் அவர் கம்பத்தை நிறுத்தினார், ஏணியில் ஏறினார், வைக்கோல் சுற்றிக் கயிற்றால் கட்டினார். அந்தப் பக்கமும் சுத்தியல் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"இப்போது தோளை எடுக்கலாம்."

இவாசே மெல்ல விலகினார். கிளை நின்றது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. கடிதம் வியர்வையில் நனைந்திருந்தது.

"தபால் நிலையத்தைக் காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள்" என்றார் ரியோஷின்.

"கப்பல் ஆறுக்கே போய்விடும்."

"ஆமாம்."

"இந்தக் கம்பம் எத்தனை நாள் வரும், குருவே?"

"ஏழு வருஷம். மழை அதிகமானால் ஐந்து. பிறகு பழையதைப் போல இதுவும் உளுத்து முறியும்."

இவாசே தோளைத் தேய்த்துக்கொண்டார். மதிலைப் பார்த்தார். அவரைவிட ஒன்றரை மடங்கு உயரம்.

"உங்கள் பதில் அவருக்குத் தெரியும். அவர் பதில் உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும்" என்றார். "பின்னே எதற்கு ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்?"

ரியோஷின் ரம்பத்தில் ஒட்டியிருந்த தூளை விரலால் தட்டிவிட்டார்.

"மதில் உயரம், கேப்டன். இந்தப் பக்கம் தாங்குகிறவர் இன்னும் நிற்கிறாரா என்று அவர் வேறு எப்படித் தெரிந்துகொள்வார்?"