கரடிக் கிடங்கின் கதவும் கரிச்சானின் யோசனையும்

கருங்குன்றுக் காட்டில் ஒரு கரடி கிடங்கு நடத்தி வந்தது. மழைக்காலம் வந்துவிட்டால் அந்தக் காட்டில் ஒரு காய் கிடைக்காது, ஒரு கனி கிடைக்காது. அதனால் கோடையிலேயே எல்லா மிருகங்களும் பலாவும் மாவும் நெல்லியும் தேனுமாகக் கொண்டுவந்து கரடியின் குகையில் போட்டு வைக்கும். வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்ளும். காவல் கூலியாகக் கரடிக்குக் கொஞ்சம் தேன். நல்ல வியாபாரம்!

குகை வாசலில் ஒரு கனத்த மரக்கதவு. கதவுக்கு உள்ளே காவலுக்கு ஒரு முள்ளம்பன்றி. யாராவது வந்து கூப்பிட்டால், "யாரது?" என்று கேட்கும். தெரிந்த குரல் என்றால் கொடியைப் பிடித்து இழுக்கும். கதவு திறக்கும். வெளியே எட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

"நம் வாடிக்கையாளரை நாமே சந்தேகப்படுவதா? குரல் போதும்! குரல்தான் மரியாதை!" என்று கரடி பெருமையடித்துக்கொள்ளும்.

குகைக்கு மேலே இருந்த வேங்கை மரத்தில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. அதன் வால் நுனியில் இரண்டு துடுப்புகள் தொங்கும். அதனால் எல்லோரும் அதைத் துடுப்பு என்றே கூப்பிட்டார்கள். துடுப்புக்குத் தெரியாத குரலே இல்லை! குயிலைப் போலக் கூவிக் குயிலையே குழப்பும். குரங்குக் குட்டியைப் போல அழுது, தாய்க்குரங்கை மரம் மரமாக ஓடவைக்கும். பிறகு கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரிக்கும். கிடங்குப் பழங்களை மொய்க்க வரும் பூச்சிகள்தான் அதற்கு மூன்று வேளைச் சாப்பாடு.

அப்படிப்பட்ட கிடங்கில் தேன் காணாமல் போகத் தொடங்கியது. முதலில் ஒரு குடுவை. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு முழுப் பலாப்பழம்!

மிளா மான் முதலில் சீறியது. "கரடியாரே, மழை தலைக்கு மேலே நிற்கிறது. இன்னொரு தடவை ஏதாவது காணாமல் போனால், எங்கள் பொருளை நாங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்!"

"ஆமாம், ஆமாம்!" என்று மற்ற மிருகங்களும் தலையாட்டின.

மரத்தின் மேலிருந்த துடுப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. பழம் போனால் பூச்சி போகும். பூச்சி போனால் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான்!

கரடி உடனே கூட்டம் போட்டது. காவலைப் பலப்படுத்த யோசனை சொல்லலாம் என்று அறிவித்தது. முதல் ஆளாக மீசையை நீவிக்கொண்டு ஒரு புனுகுப்பூனை வந்தது. பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் வேலி போட்டுக் கொடுத்த அனுபவசாலி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டது.

"முதலாளி, உங்கள் அந்தஸ்துக்கு இந்தக் குகை மொட்டையாக இருக்கலாமா? சுற்றிலும் மூங்கில் முள்வேலி! அதற்கு வெளியே இலந்தை முள்வேலி! அதற்கும் வெளியே ஒரு பள்ளம்! பார்க்கிறவன் பயந்தே செத்துவிடுவான்!"

"ஆகா!" என்றது கரடி. அதற்கு இப்போதே நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

"முதலாளி! முதலாளி! நான் ஒன்று சொல்லட்டுமா?" என்று துடுப்பு பறந்து வந்தது. "வேலி வானத்தைத் தொட்டாலும் என்ன பயன்? திருடன் வாசல் வழியாக அல்லவா வருகிறான்! கொஞ்சம் இங்கே பாருங்கள்."

துடுப்பு கதவருகே போய் உட்கார்ந்தது. தொண்டையைச் செருமியது. குரங்குத் தலைவரின் கரகரத்த குரலில், "அண்ணே, பசி தாங்கவில்லை. சீக்கிரம் திறங்க!" என்றது.

கதவு திறந்தது!

முயல் குரலில் கூப்பிட்டது. கதவு திறந்தது! யானையம்மாவின் குரலில், "நான் உள்ளே நுழைய மாட்டேன்பா, சும்மா விசாரிக்க வந்தேன்" என்றது. அதற்கும் கதவு திறந்தது!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கரடிக்கு மட்டும் முகம் சிறுத்துவிட்டது.

"பார்த்தீர்களா?" என்று துடுப்பு துள்ளியது. "செலவே வேண்டாம், முதலாளி. கதவின் அடியில் கரையான் அரித்த ஓட்டை இருக்கிறதே, வருகிறவர் அதன் வழியாக ஒரு காலை நீட்டட்டும். முள்ளம்பன்றி அண்ணனுக்குக் கண்தான் மங்கல். மூக்கு நெருப்பு! மோந்து பார்த்துவிட்டுத் திறக்கட்டும். குரலைத் திருடலாம். காலை எப்படித் திருடுவது?"

புனுகுப்பூனை மெல்லச் செருமியது. "முதலாளி, நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிக் குரல் மாற்றத் தெரிந்தவர் இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்?"

கரடியின் கண் சிவந்தது. "அதுதானே! அப்படியென்றால் திருடன் நீதான்!"

"நானா? தேன் குடுவையை நான் தூக்குவேனா? அது விழுந்தால் என்னைத்தான் வழித்து எடுக்க வேண்டும்!"

"வாயாடாதே! என் கிடங்கை நாலு பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாய். இனி இந்தப் பக்கம் வந்தால் வாலைப் பிடுங்கிவிடுவேன்!"

பாவம் துடுப்பு! ஓடையின் எதிர்க்கரையில் இருந்த நாவல் மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிடங்கைச் சுற்றி வேலி எழுந்தது. பள்ளம் விழுந்தது. வாசல் மட்டும் எப்போதும் போலக் குரலுக்குத் திறந்தது.

ஒரு நாள் மத்தியானம் வானம் இருண்டு கிடந்தது. கரடி தேன் பாறைக்குப் போயிருந்தது. நாவல் மரத்தடிப் புதரில் ஏதோ முனகல் கேட்டது. துடுப்பு எட்டிப் பார்த்தது. அங்கே புனுகுப்பூனை உட்கார்ந்துகொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தது!

"அண்ணே, நான்தான் மிளா... ம்ஹூம். அண்ணே, நான்தான் மிளா வந்திருக்கேன்... தொண்டை கட்டிக்கொண்டது அண்ணே..."

துடுப்புக்கு முதலில் வந்தது கோபம். 'சே! இதுவா மிளா குரல்? ஓட்டைப் பானைக்குள் தவளை விழுந்தது போல இருக்கிறது! இந்தக் கண்றாவிக்கா கதவு திறந்தது?' பிறகுதான் அதற்கு விஷயம் உறைத்தது. அடப்பாவி! வேலி போட்டவனே திருடன்!

கத்தினால் யார் நம்புவார்கள்? கரடி வரும்வரை காத்திருந்தால் குடுவை போய்விடும். குடுவை போனால் நாளைக்கே கிடங்கு காலி! துடுப்பு ஒரு கணம் தலையைச் சாய்த்து யோசித்தது. அதன் கண் பளிச்சென்று மின்னியது. ஒரே பறப்பில் கதவருகே போனது. நெஞ்சை ஊதிக்கொண்டு, கரடியின் குரலிலேயே உறுமியது.

"ஏய் முள்ளா! தூங்குகிறாயா?"

"ஐயோ முதலாளி! இல்லை முதலாளி! கதவைத் திறக்கட்டுமா முதலாளி?"

"திறக்காதே! இந்த நிமிஷத்திலிருந்து யார் வந்தாலும் கரையான் ஓட்டை வழியாகக் காலை நீட்டச் சொல். மோந்து பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஆள் மாறியிருந்தால் கடித்துப் பிடித்துக்கொள்! நான் வரும்வரை விடாதே!"

"உத்தரவு முதலாளி!"

துடுப்பு பறந்துபோய் வேங்கை இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. சிரிப்பை அடக்க முடியாமல் அதன் வால் ஆடியது.

புனுகுப்பூனை வேலியில் விட்டிருந்த வழியாக ஒய்யாரமாக நடந்து வந்தது. "அண்ணே, நான்தான் மிளா வந்திருக்கேன்."

"வாம்மா. குரல் என்ன இப்படி?"

"சளி அண்ணே."

"போன தடவையும் சளி என்றாயே! சரி, காலை ஓட்டையில் நீட்டு. முதலாளி உத்தரவு."

புனுகுப்பூனை திகைத்தது. 'திரும்பிவிடலாமா?' என்று நினைத்தது. ஆனால் கதவிடுக்கில் தேன் மணந்தது! 'கண் தெரியாத கிழத்துக்கு என் கால் எது, மிளாவின் குளம்பு எது என்று தெரியவா போகிறது?' என்று துணிந்து காலை நீட்டியது.

"என்னம்மா, குளம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது?"

"சளியில் வீங்கிவிட்டது அண்ணே."

"ரோமம் முளைத்திருக்கிறதே?"

"அது... குளிருக்குக் கம்பளி அண்ணே!"

"புனுகு வாசனை ஊரைத் தூக்குகிறதே?"

"மருந்து..."

சொல்லி முடிக்கவில்லை. லபக்! முள்ளம்பன்றி காலைக் கவ்வியது. "ஐயோ! அம்மா! விடு! விடு!" என்று புனுகுப்பூனை தன் சொந்தக் குரலில் அலறியது. அந்த அலறல் காடு முழுக்கக் கேட்டது. எல்லா மிருகங்களும் ஓடி வந்தன. தேன் பாறையிலிருந்து கரடியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது.

"மன்னித்துவிடுங்கள் முதலாளி! எடுத்ததெல்லாம் நான்தான்! குடுவை எல்லாம் நாவல் மரத்தடிப் பொந்தில் இருக்கின்றன!" என்று புனுகுப்பூனை அழுதது.

முள்ளம்பன்றி பிடியை விட்டுக் கதவைத் திறந்தது. உண்மையான மிளா முன்னால் வந்தது. "என் பெயரைச் சொல்லியா திருடினாய்? அதுவும் தவளைக் குரலில்!" என்று உதைத்த உதையில், புனுகுப்பூனை தான் போட்ட முள்வேலியிலேயே போய் விழுந்தது. அங்கிருந்து எடுத்த ஓட்டம், அடுத்த காட்டில்தான் நின்றது.

கரடி முள்ளம்பன்றியின் முதுகைத் தட்டப் போய், முள்ளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டது. "சபாஷ்! காலை மோந்து பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?"

"எனக்கா? நீங்கள்தானே சொன்னீர்கள், முதலாளி!"

"நானா? நான் எப்போது சொன்னேன்?"

அப்போது வேங்கை மரத்தின் மேலிருந்து கரடியின் குரல் கேட்டது. "நான்தான் சொன்னேன்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். துடுப்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது! கரடி வாய் திறந்து நின்றது. தன் கதவு தன் குரலுக்கே ஏமாந்திருக்கிறது என்பது அதற்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தோடு தலையைச் சொறிந்தது.

"எனக்கு வராத நல்ல புத்தி, என் குரலில் வந்து பேசியிருக்கிறதே! தம்பி துடுப்பு, என்னை மன்னித்துவிடு. இன்று முதல் நீதான் என் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி!"

"வேலை என்ன முதலாளி?"

"வேறென்ன? நினைத்தபோதெல்லாம் வந்து எங்களை ஏமாற்றப் பார். ஏமாந்தால் எங்கே ஏமாந்தோம் என்று சொல்!"

"இதற்குப் பெயர் வேலையா? இது திருவிழா!" என்று துடுப்பு வானத்தில் மூன்று குட்டிக்கரணம் போட்டது. மிருகங்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன. யாரும் தங்கள் பொருளை எடுத்துப் போகவில்லை. மழை கொட்டியபோது எல்லோர் வயிறும் நிறைந்திருந்தது, துடுப்பின் வயிறும்தான்!

நம் கோட்டையில் இருக்கும் ஓட்டையை நம்மிடமே காட்டுகிறவன் எதிரி அல்ல. அவன் சொல்லைக் கேட்பதே எல்லா வேலியையும்விடப் பெரிய காவல்.