வளர்ந்த தும்பிக்கை, தாழ்ந்த தண்ணீர்

கோடை வந்துவிட்டால் அந்தக் காட்டாற்றில் சொட்டுத் தண்ணீர் ஓடாது. கொம்பன் யானைதான் மணலில் குழி பறித்து ஊற்று எடுக்கும். அது குடித்தது போக மிச்சம்தான் மந்திக்கும் அதன் குட்டிக்கும்.

அந்த வருஷம் ஊற்று ஊறவே வெகுநேரம் ஆயிற்று. மந்தி யானையிடம் ஓடியது.

"கொம்பண்ணே! தண்ணீர் கீழே போகிறதோ? இப்போதே சொல்லுங்கள், குட்டியோடு வேறு காட்டுக்குப் போய்விடுகிறேன்!"

"அட போம்மா! முதல் முதலாகக் குழி பறித்தபோதும் தும்பிக்கையை முழுசாக விட்டால் தண்ணீர் எட்டியது. இப்போதும் அப்படித்தான் எட்டுகிறது. அப்புறம் எங்கே இறங்கியது?"

களிமண் கரையிலிருந்து நண்டு கத்தியது. "எனக்கு அப்படித் தோன்றவில்லை! கோடைக்குக் கோடை பழைய வளை வறண்டுபோகிறது. புது வளை தோண்டித் தோண்டிக் கொடுக்கே தேய்ந்துவிட்டது!"

"நண்டு கொழுத்தால் வளையில் தங்காதாம்!" என்று யானை குலுங்கிச் சிரித்தது.

மந்தி சிரிக்கவில்லை. "நண்டக்கா, எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள்?"

"தண்ணீர் தட்டும் வரைக்கும்! அதற்குமேல் தோண்ட எனக்கென்ன பைத்தியமா?"

அவ்வளவுதான், மந்தி துள்ளி எழுந்தது! ஒரு கொடியில் கல்லைக் கட்டி, ஆகப் பழைய வளைக்குள் இறக்கியது. கல் அடியில் தட்டியதும் கொடியைக் கடித்து அறுத்தது. அப்படியே அடுத்த வளை, அதற்கடுத்த வளை. அறுத்த கொடிகளை வரிசையாக மணலில் போட்டது.

அடி ஆத்தாடி! ஒன்றைவிட ஒன்று நீளம்!

"இந்த வருஷ வளையில் பாறையே தட்டிவிட்டது," என்றது நண்டு. "இனியும் தண்ணீர் இறங்கினால் நம் கதை முடிந்தது!"

யானைக்குக் கோபம் வந்தது. "அப்போ என் தும்பிக்கை பொய்யா சொல்கிறது?"

"முதல் குழி பறித்தபோது நீங்கள் எவ்வளவு உயரம் அண்ணே?" என்று கேட்டது மந்தி.

"அம்மாவின் வயிற்றுக்கு அடியில் புகுந்து..." யானை சட்டென்று நிறுத்தியது. தும்பிக்கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. "ஐயையோ! தண்ணீர் இறங்க இறங்க நானல்லவா வளர்ந்திருக்கிறேன்!"

வெட்கப்பட நேரமில்லை. மழை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்! யானை பாறைகளை உருட்டி ஆற்றின் குறுக்கே போட்டது. மந்தி சந்துகளில் சுள்ளி திணித்தது. நண்டு களிமண் அப்பியது. முதல் வெள்ளம் 'ஹோ'வென்று வந்து மோதியது. அணை நின்றது! மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் அங்கேயே தேங்கி மண்ணுக்குள் இறங்கியது.

மறு கோடையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே நண்டு புது வளை தோண்டியது. மந்தி கொடியை விட்டுப் பார்த்துவிட்டுக் கூவியது. "போன வருஷத்தைவிடக் குட்டை! தண்ணீர் ஏறிவிட்டது!"

யானை ஊற்றுப் பறித்துவிட்டு ஒதுங்கி நின்றது. "முதலில் குட்டி குடிக்கட்டும்," என்றது.

தானே வளர்கிற கோலால் அளப்பவனுக்கு, குறைகிற பொருள் கண்ணில் படாது.