இருக்கியா? இருக்கேன்

குருகுலம் என்றால் ஆலமரமும் மான்தோலும் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையின் குருகுலம் கோவில்பட்டியில், ஒரு ரத்த வங்கியின் பின்பக்கம், ஏசி உறுமும் சின்ன அறை. சீடர் தனுஷ்கோடிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு அருள்மேரி அவரைவிட ரொம்பவே இளையவர். கணக்குப் பிரிவில் கிடந்தவருக்கு யூனிக்ஸ் என்ற சர்வர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் தனுஷ்கோடிக்கு அவர் என்றைக்கும் டீச்சர்தான்.

எந்த குரூப் ரத்தம் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த அறையின் சர்வரில் இருந்தது. அதை மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டோ, நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். கவுன்ட்டரில் ஸ்கிரீன் அப்படியே நிற்கும். அவசரத்துக்கு வந்தவர்கள் கையைப் பிசைவார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துகொள்ளும்.

தனுஷ்கோடி கேபிளை மாற்றினார். நெட்வொர்க் சுவிட்சில் வேறு ஓட்டையில் செருகினார். கார்டையே புதிதாக வாங்கிப் போட்டார். பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்று சர்வருக்குச் சந்தனம்கூட வைத்தாயிற்று. அது மசியவில்லை.

கடைசியில் தன் கம்ப்யூட்டரில் பிங்கை ஓடவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டார். பிங் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நொடிக்கு ஒரு தரம் சர்வரிடம் ‘இருக்கியா?’ என்று கேட்கும். ‘இருக்கேன்’ என்று அது சொல்லும்.

அவர் உட்கார்ந்திருந்தால் சர்வர் தங்கமாக ஓடியது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் விழுந்தது. சாரைக் கண்டால் அதற்குப் பயம் என்று கவுன்ட்டரில் கேலி பேசினார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் செண்பகவல்லி தனியாக இருந்தாள். அவளுடைய ஒரே தம்பி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருக்க வேண்டிய புருஷன் இங்கே இரும்புப் பெட்டிக்குக் காவல் இருந்தார். மனிதர் ஓய்ந்துபோயிருந்தார், பாவம். மணிக்கு ஒரு தரம் மனைவிக்குப் போன் செய்வதை மட்டும் விடவில்லை.

உதவிக்கு வரச்சொல்லியிருந்த டீச்சர் உள்ளே வந்தபோதும் தனுஷ்கோடி போனில்தான் இருந்தார். “செண்பகா, நல்லாருக்கியா?” என்று கேட்டார், பதில் வந்ததும் வைத்துவிட்டார்.

“எப்பக் கூப்பிட்டாலும் ஒரே ரிங்ல எடுத்துருவா டீச்சர். ‘நல்லாருக்கேன்’னு சொல்வா. அவளப் பத்திக் கவலையில்ல. இதுதான் என் உயிர வாங்குது. ஏன் விழுதுன்னு மட்டும் சொல்லிக்குடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்.”

டீச்சர் அவருடைய ஸ்கிரீனைப் பார்த்தார். கேள்வியும் பதிலுமாக வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. கவுன்ட்டருக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருப்பைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து, பிங்கை நிறுத்தினார்.

“நிறுத்துனா விழுந்துருமே டீச்சர்.”

“விழட்டும். அது விழுறத நீங்க இன்னும் பாக்கவே இல்லையே சார்.”

சர்வருக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். டீச்சரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், கால்களை நீட்டிக்கொண்டார். கார்டின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியே சாப்பாட்டு நேரம். கவுன்ட்டரில் சத்தம் அடங்கியது. விளக்கின் சிமிட்டலும் குறைந்தது.

தனுஷ்கோடிக்குக் கை பரபரத்தது. “ஒரே ஒரு தரம் கேட்டுப் பாக்கட்டா?”

“கேக்காதீங்க. பாருங்க.”

அவர் பார்த்தார். யாரும் தொடவில்லை, எதுவும் அறுந்து விழவில்லை. விளக்கு மெல்ல அணைந்துபோனது.

சர்வரோடு சேர்ந்திருந்த கீபோர்டை டீச்சர் மடியில் வைத்துக்கொண்டார். வேலை இல்லாதபோது கரண்டை மிச்சம் பிடிக்கக் கார்டைத் தூங்கவைக்கும் ஏற்பாடு ஒன்று சர்வரில் இருந்தது. தூங்கினால் கூப்பிட்டவுடன் எழுந்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் வியாதி. ஒரே வரியில் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. இருவரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை அது அணையவில்லை.

தனுஷ்கோடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இத்தன நாளும் நான்தான்...”

“விடாம கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அதுவும் பதில் சொல்றதுக்காக முழிச்சுக்கிட்டே இருந்துச்சு.”

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அலுப்பில் வருகிற அழுகை. பையை எடுத்துக்கொண்டார். மணியைப் பார்த்தார். போன் செய்ய வேண்டிய நேரம்.

“கூப்பிடாம போங்க சார்,” என்றார் டீச்சர்.

“ஒரு நிமிஷந்தான் டீச்சர். நல்லாருக்கேன்னு சொல்லிருவா.”

“சொல்வாங்க,” என்றார் டீச்சர். “நீங்க கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் சொல்வாங்க.”

தனுஷ்கோடி அணைந்து எரிந்த அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.